அப்பாவுக்கு ஹெப்பட்டைட்டிஸ் சி சரியாகிப் பல வருஷம் ஆச்சு, டெஸ்ட்டுல இன்னும் 'ரியேக்டிவ்'. வெளியூர்ல டையாலிசிஸ் கிடைக்குமா?

பகாவ்_மூத்தவள்:

வணக்கம். மலேசியாவுல பகாவ்லேர்ந்து எழுதுறேன். அப்பாவுக்கு 63 வயசு. தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டினவர். பால்மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டுச் செம்பனை போட்டதும் குலை ஏத்துற லோரியில வேலை. இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) வந்து, அதுல கிட்னி போய், 2018-லேர்ந்து டவுன்ல ஒரு சென்டர்ல டையாலிசிஸ் பண்றார். திங்கள், புதன், வெள்ளி, காலை ஷிப்ட்.

சேரும்போது எடுத்த ரத்தத்துலதான் ஹெப் சி, அதாவது ஈரலைத் தாக்குற கிருமி, இருக்குன்னு தெரிஞ்சது. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்பா குடிக்கமாட்டார், பச்சை குத்தினதில்ல. டாக்டர் பழைய கதையெல்லாம் கேட்டார். 1986-ல தோட்டத்து டிராக்டர் கவுந்து தொடை எலும்பு முறிஞ்சப்ப ரத்தம் ஏத்துனதை அம்மாதான் ஞாபகம் வச்சுச் சொன்னாங்க. அதுவா இருக்கலாம்னார் டாக்டர். 2019-ல அரசாங்க ஆஸ்பத்திரியில பன்னிரண்டு வாரம் மாத்திரை கொடுத்தாங்க. முடிச்சு மூணு மாசம் கழிச்சு எடுத்த ரத்தத்துல கிருமி இல்லைன்னு வந்துச்சு. டாக்டர் கை கொடுத்து அனுப்பினார்.

இப்ப விஷயம் என்னன்னா, தம்பிக்குக் கல்யாணம். பொண்ணு வீடு சுங்கைப்பட்டாணி. நலுங்குலேர்ந்து மறுவீடு வரைக்கும் அப்பா அங்க இருந்தாகணும், இல்லன்னா அம்மா யாரையும் நிம்மதியா இருக்க விடமாட்டாங்க. அங்க உள்ள சென்டர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒருத்தங்க, "ஆன்டி எச்.சி.வி. ரியேக்டிவா? எங்ககிட்ட ஹெப் சி மெஷின் இல்ல"ன்னு வச்சுட்டாங்க. இன்னொருத்தங்க கொஞ்சம் நிதானமா, "லெட்டர் அனுப்புங்க, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்"னாங்க.

கிருமி இல்லைன்னு ஆஸ்பத்திரியே சொன்னதுக்கு அப்புறமும் ரிப்போர்ட்ல ஏன் ரியேக்டிவ்னு வருது? எந்த டெஸ்ட்டைக் காட்டினா அவங்க நம்புவாங்க? இங்க எங்க சென்டர்லயும் இத்தனை வருஷமா அப்பாவுக்கு அதே கடைசி மூலை, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுன மெஷின்தான். போன்ல பேசினது எப்படியோ காதுல விழுந்து, போன வாரம் வந்த சித்தி அப்பாவுக்குத் தனி கிளாஸ் எடுத்து வச்சாங்க. அப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, கோப்பியை மட்டும் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டார்.

கூலிம்காரன்:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. ஹெப் பி, எச்.ஐ.வி. பேப்பரை மட்டும் கொடுங்க. ஹெப் சி பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. அதான் சரியாயிடுச்சே! இல்லன்னா ஒரு டையாலிசிஸை விட்டுட்டுத் தண்ணி கம்மியா குடிக்கச் சொல்லுங்க. எங்க மாமா தீபாவளிக்கு அப்படித்தான் ஒரு தடவை விட்டார், ஒண்ணும் ஆகல.

ஓய்வு_மிஸ்ஸி:

கூலிம் தம்பி, உங்க மாமா தப்பிச்சார், சந்தோஷம். அடுத்தவங்க அப்பாவுக்கு அந்த யோசனை வேணாம். வாரம் மூணு தடவை பண்றவங்களுக்கு ரெண்டு நாள் இடைவெளி விழுதுல்ல, அது முடியுற நேரத்துலதான் மாரடைப்பும் திடீர் மரணமும் கூடுதலா நடக்குது. ஒரு தடவை விட்டா அந்த இடைவெளி இன்னும் நீளும். அதுலயும் கல்யாண வீடு! வாழைப்பழம், இளநீர், பாயசம், ஊறுகாய், வர்றவங்க எல்லாரும் "ஒரு வாய்தானே"ன்னு ஊட்டுவாங்க. பொட்டாசியம் ஏறினா வாசல்ல நின்னு சொல்லிட்டு வராது.

பேப்பரை மறைக்கிறதும் ஆகாது. வெளியிலேர்ந்து வர்ற நோயாளிக்கு நல்ல சென்டர் எதுவும் ஹெப் பி, ஹெப் சி, எச்.ஐ.வி. மூணும் பார்க்காம ஊசி குத்தாது. அங்க எடுத்து ரியேக்டிவ்னு வந்தா, "ஏன் சொல்லல"ன்னு நடுவுல நிறுத்துவாங்க. தாலி கட்டுற அன்னிக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க ஓடுவீங்க?

இப்ப தங்கச்சிக்கு வர்றேன். டையாலிசிஸ் யூனிட்ல மிஸ்ஸியா, அதாவது நர்ஸா, வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவ நான். இந்த ரெண்டு டெஸ்ட்டைக் குழப்பிக்கிட்டு வாசல்ல நின்ன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

ஆன்டி எச்.சி.வி. டெஸ்ட் கிருமியைத் தேடுறதில்ல. கிருமி வந்தப்ப உடம்பு உண்டாக்கின எதிர்ப்பொருளைத் தேடுது. கிருமி போனாலும் அது பல வருஷம், பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். பால் வெட்டுறதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆன மரத்துலயும் பட்டையில வெட்டுத் தழும்பு தெரியுதுல்ல, அப்படித்தான். அப்பாவுக்கு நாளைக்கு எடுத்தாலும் ரியேக்டிவ்தான், அடுத்த வருஷம் எடுத்தாலும் ரியேக்டிவ்தான். இப்ப கிருமி இருக்கா இல்லையான்னு சொல்றது எச்.சி.வி. ஆர்.என்.ஏ., அதாவது பி.சி.ஆர். டெஸ்ட். மாத்திரை முடிஞ்சு பன்னிரண்டு வாரம் கழிச்சு எடுத்து இல்லைன்னு வந்தா அதைத்தான் குணமானதா எடுத்துக்கிறாங்க. உங்க அப்பாவுக்கு 2019-ல எடுத்தது அதுதான்.

ஆனா 2019 பேப்பரை மட்டும் நீட்டினா சுங்கைப்பட்டாணிக்காரங்க நம்பலைன்னா அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஹெப் சி ஒரு தடவை வந்து குணமானவங்களுக்கு மறுபடியும் வரலாம். அந்த எதிர்ப்பொருள் காவல் காக்காது. தடுப்பூசியும் கிடையாது. ரத்தத்தை வாரம் மூணு தடவை வெளியே எடுத்து உள்ளே விடுற இடத்துல இருக்கவங்களுக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்ல. அதனாலதான் கேடிகோங்கிற அனைத்துலக சிறுநீரக அமைப்போட வழிகாட்டி, எதிர்ப்பொருள் இருந்து கிருமி இல்லாத டையாலிசிஸ் நோயாளிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆர்.என்.ஏ. டெஸ்ட்டே எடுக்கச் சொல்லுது. ஒரு சென்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும்போதும் புதுசா பார்க்கச் சொல்லுது. உங்க சென்டர்ல கடைசியா ஆர்.என்.ஏ. எப்ப எடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க.

சிவப்பு ஸ்டிக்கர் விஷயம். ஹெப் பி-க்குத் தனி மெஷின், தனி இடம் கட்டாயம் வேணும். அந்தக் கிருமி ரத்தத்துல ஏராளமா இருக்கும், மேசை மேல காய்ஞ்ச ரத்தத்துலகூட ஒரு வாரமாவது உயிரோட கிடக்கும். ஹெப் சி அப்படி இல்ல. தனி மெஷினோ தனி அறையோ வைக்கணும்னு கேடிகோ சொல்லல. நம்ம ஊர்ல பல சென்டர்கள் பாதுகாப்புக்குன்னு தனியா வைக்கிறாங்க, அது அவங்க ஏற்பாடு. ஆனா ஹெப் சி பரவுறது பெரும்பாலும் மெஷினுக்குள்ள போய் இல்ல. டையலைசர்ங்கிற பில்டர் ஓட்டையில அந்தக் கிருமி நுழையாது, அதுக்கு அளவு பெருசு. எங்க கைதான் வழி. ஒரு நோயாளிக்கு ஊசியை எடுத்துட்டு, அதே கையுறையோட அடுத்த மெஷின் பட்டனைத் தொடுறது. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்குற ஹெப்பரினை ஒரே குப்பியிலேர்ந்து நாலு பேருக்கு உறிஞ்சுறது. மருந்துத் தள்ளுவண்டியைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கிட்டுப் போறது. ஷிப்ட் மாறுற அவசரத்துல நாற்காலிக் கைப்பிடியைத் துடைக்காம அடுத்தவங்களை உட்கார வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு போதும்.

அதனால எனக்கு உங்க அப்பாவை நினைச்சு இருக்குற கவலையே வேற. குணமானவரை அந்த மூலையிலேயே, கிருமி இருக்குறவங்க மாறி மாறி உட்கார்ற இடத்துல வச்சிருந்தா, மறுபடி ஒட்டிக்கிற வாய்ப்பு அவருக்குத்தான். கல்யாணம் முடிஞ்சதும் சென்டர் டாக்டர்கிட்ட நிதானமா கேளுங்க. சண்டை போட வேணாம், எழுதிக் கேளுங்க.

சித்திக்குச் சொல்லுங்க: கிளாஸ், தட்டு, சாப்பாடு, கட்டிப்பிடிக்கிறது, இருமல், கொசு எதுலயும் ஹெப் சி பரவாது. கிருமி இருக்குற காலத்துலகூடப் பரவாது. சவரக் கத்தி, பல் துலக்குற பிரஷ், நகவெட்டி, இனிப்புநீர் பார்க்குற ஊசி, இது மட்டும்தான் அவங்கவங்களுக்குத் தனியா இருக்கணும். அது எந்த வீட்டுலயும் தனியாத்தான் இருக்கணும்.

பகாவ்_மூத்தவள்:

மிஸ்ஸி, ரொம்ப நன்றி. உங்க பதிலை அம்மாகிட்ட முழுசா படிச்சுக் காட்டினேன். பாயசம் விஷயத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க, அப்பா காதுல விழுற மாதிரி.

சென்டர்ல கேட்டேன். கடைசி ஆர்.என்.ஏ. 2020-ல. அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆன்டி எச்.சி.வி. மட்டும்தான், ஒவ்வொண்ணுலயும் ரியேக்டிவ், ரியேக்டிவ்னு வரிசையா அடிச்சிருக்கு. தெரிஞ்ச பதிலுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்திருக்காங்க. எழுதிக் கேட்டதும் அடுத்த வாரம் ஆர்.என்.ஏ. எடுக்க ஒத்துக்கிட்டாங்க.

ரெண்டு சந்தேகம். அப்பாவுக்கு மாசா மாசம் எடுக்குற ரத்தத்துல ஈரலுக்குப் பார்க்குற ஏ.எல்.டி. எப்பவும் நார்மல்னு மிஸ்ஸிங்க சொல்வாங்க. ஈரல் நல்லா இருந்தா கிருமி இல்லைன்னுதானே அர்த்தம்? இன்னொண்ணு, புதன்கிழமை டையாலிசிஸ் முடிச்சு ஊசி எடுக்குறப்பவே ரத்தம் எடுத்துக்கச் சொல்லலாமா? காலையில அவருக்கு அவசரம், வேன் வந்து இறக்கிவிட்டதும் நேரா கட்டிலுக்குப் போயிடுவார்.

லேப்_தம்பி:

அக்கா, நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்துல வேலை செய்றேன். எந்த இடம்னு கேக்க வேணாம்.

ரத்தம் டையாலிசிஸுக்கு முன்னாடி எடுக்கணும். முடிஞ்சப்புறம் வேணாம். டையாலிசிஸ் நடக்கும்போது கிருமி அளவு கொஞ்ச நேரத்துக்குக் குறையலாம், கொஞ்சம் அந்த பில்டர் ஜவ்வுலயே ஒட்டிக்கும். கூடவே ஹெப்பரின் ஓடியிருக்கும், அது பி.சி.ஆர். வேலையைக் கெடுக்கும். கிருமி கம்மியா இருக்குறவருக்கு இந்த ரெண்டும் சேர்ந்தா 'இல்லை'ன்னு பொய்யா வந்துடும். ஊசி குத்தினதும், ஹெப்பரின் கொடுக்கிறதுக்கு முந்தி எடுக்கச் சொல்லுங்க. தனியா இன்னொரு குத்து வேணாம், டையாலிசிஸுக்காகக் கையில குத்துற பிஸ்டுலா ஊசியிலேயே எடுத்துக்கலாம்.

ரிப்போர்ட் வந்தா எந்த வாசகம்னு கவனிச்சுப் படிங்க. 'கண்டறியப்படவில்லை'ன்னு வந்தா ஒண்ணும் இல்ல. 'கண்டறியப்பட்டது, ஆனால் அளக்கும் எல்லைக்குக் கீழே'ன்னு வந்தா அது வேற கதை. ஏதோ இருக்கு, எண்ணிக்கை சொல்ல முடியாத அளவுக்குக் குறைவுன்னு அர்த்தம், மறுபடி எடுக்கணும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுப் போன்ல "இல்லையாம்"னு சொல்லிடுறவங்க உண்டு. அதனால வாய்ப்பேச்சு வேணாம், பேப்பர் கேளுங்க. எடுத்த தேதியும் அதுல இருக்கணும்.

ஏ.எல்.டி. பத்தி: டையாலிசிஸ் நோயாளிங்களுக்கு அது பொதுவாவே தாழ்வாத்தான் இருக்கும். கிருமி இருந்தும் நார்மல் காட்டலாம். மாசா மாசம் பார்க்குறது திடீர்னு ஏறுதான்னு கவனிக்கிறதுக்கு. ஏறினா உடனே ஹெப் சி பார்க்கணும், ஏறலைன்னு நிம்மதியா தூங்கக்கூடாது.

இன்னொண்ணு. ஆன்டி எச்.சி.வி. புதுசா கிருமி ஒட்டினவங்களுக்கு ரியேக்டிவா மாற ரெண்டு, மூணு மாசம் ஆகும். டையாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு எதிர்ப்புசக்தி மந்தம், இன்னும் தாமதிக்கலாம், சிலருக்கு வராமலேகூடப் போகலாம். ஆர்.என்.ஏ. ஒண்ணு ரெண்டு வாரத்துலயே காட்டிடும். ஆன்டி எச்.சி.வி. 'நான்-ரியேக்டிவ்', அதாவது ரியேக்டிவ் இல்லைன்னு பேப்பர் வச்சிருக்குறவங்க எல்லாரும் சுத்தம்னு அந்த சுங்கைப்பட்டாணி சென்டர் நினைச்சா அவங்க கணக்கும் தப்புதான்.

தாப்பா_அண்ணன்:

லேப் தம்பி சொல்றது எங்க வீட்டுல நடந்திருக்கு. என் சம்சாரத்துக்குச் சேரும்போது ஹெப் சி இல்ல. ரெண்டாவது வருஷம் ஆறு மாச டெஸ்ட்டுல வந்துடுச்சு. அவ எங்கயும் போகல, வேற ஊசி போடல. ஏ.எல்.டி. எப்பவும் போல கீழ. சென்டர் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க மறைக்கல. சுகாதார இலாகாவுக்கு அறிவிச்சு, அங்க டையாலிசிஸ் பண்ற எல்லாருக்கும் திரும்ப ரத்தம் எடுத்தாங்க. ஹெப் சி அறிவிச்சே ஆகவேண்டிய வியாதின்னு அப்பத்தான் எனக்குத் தெரியும்.

முதல்ல எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. மிஸ்ஸிங்களும் பாவம், காலையில ஷிப்ட் மாத்துறப்ப பார்த்தா ஒரு ஆள் நாலு கட்டில் ஓடுது. இப்ப நான் அவ பக்கத்துல உட்கார்ந்து கையுறையைத்தான் பார்ப்பேன். மாத்தலைன்னா, "மிஸ்ஸி, புதுசு போட்டுக்கங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வேன். ஒருத்தங்ககூடக் கோவிச்சுக்கல.

மாத்திரைக்கு நாங்க காசு கட்டல, அரசாங்க ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க. முடிச்சுட்டா, இப்ப கிருமி இல்ல. டையாலிசிஸ் பண்றவங்களுக்கு இந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு யாரோ பயமுறுத்தினாங்க, அதையும் கேட்டுக்காதீங்க.

ஓய்வு_மிஸ்ஸி:

தாப்பா தம்பி, நீங்க சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க பாருங்க, அதுதான் சரி. நானா இருந்தா நன்றி சொல்லிட்டு மாத்தியிருப்பேன். நாலு கட்டிலுக்கு ஓடுறப்ப கை தானா போயிடும், யாராவது சொன்னாத்தான் உறைக்கும்.

மாத்திரை பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. சோஃபோஸ்புவிர் மருந்தோட மிச்சம் கிட்னி வழியாப் போகணும். அதனால கிட்னி போனவங்களுக்குக் கொடுக்கலாமான்னு ஆரம்பத்துல தயங்கினாங்க. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-ல டையாலிசிஸ் நோயாளிங்களுக்கும் கொடுக்கலாம்னு குறிப்பை மாத்திடுச்சு. கிட்னியை நம்பாத வேற மாத்திரைகளும் இருக்கு. எங்க காலத்துல இன்டர்ஃபெரான் ஊசி போட்டோம். காய்ச்சல், சோர்வு, ரத்தம் குறைஞ்சு போறது. பாதியில விட்டுட்டு ஓடினவங்கதான் அதிகம். இப்ப அரசாங்க ஆஸ்பத்திரியில வாங்க முடியுதுன்னா, 2017-ல நம்ம அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி சோஃபோஸ்புவிரை மலிவா வாங்க உரிமம் போட்டதுதான் பெரிய காரணம். அந்த மருந்துக்கு அப்படிச் செஞ்ச முதல் நாடு மலேசியா.

தங்கச்சி, அப்பாவோட 1986 கதையும் ஒத்துவருது. இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதே 1989-ல. அதுக்கு முன்னாடி தானம் கொடுத்த ரத்தத்துல இதைப் பார்க்க டெஸ்ட்டே கிடையாது. அந்தக் காலத்துல ரத்தம் ஏத்திக்கிட்ட தோட்டத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, டையாலிசிஸ் பண்ணாட்டியும் ஒரு தடவை கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) ஹெப் சி பார்த்துக்கங்க.

பகாவ்_மூத்தவள்:

ஆர்.என்.ஏ. ரிப்போர்ட் வந்துடுச்சு: கண்டறியப்படவில்லை. ஊசி குத்தினதும் எடுத்தாங்க, நான் பக்கத்துலயே நின்னேன்.

சுங்கைப்பட்டாணியில கேட்ட மாதிரி இங்க சென்டர் டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கினோம். 2018-ல கண்டுபிடிச்சது, 2019-ல மாத்திரை முடிச்சது, பன்னிரண்டு வார ரிசல்ட், இப்பத்து ரிசல்ட், எல்லாம் ஒரே பக்கத்துல. கூடவே டிரை வெயிட் (கூடுதல் தண்ணி எடுத்தப்புறம் இருக்கவேண்டிய எடை), டையலைசர் அளவு, ஹெப்பரின் அளவு, மருந்துப் பட்டியல். "லெட்டர் அனுப்புங்க"ன்னு சொன்ன சென்டர் ஒத்துக்கிட்டாங்க. சாதாரண மெஷின்தான், ஆனா ஓரத்துக் கட்டில், மதிய ஷிப்ட். ஓரம்னு கேட்டதும் அம்மாவுக்கு முகம் மாறிடுச்சு. அப்பா, "ஜன்னல் பக்கமா கேளு"ன்னார். டையாலிசிஸுக்குக் காசு கட்டுற சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) லெட்டர் இங்க உள்ள சென்டர் பேருக்கு இருக்குறதால அங்க காசு நாங்களே கட்டுறோம், தம்பி பாதி போடுறான்.

சித்திக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கேட்டுட்டாங்கன்னு நீலக்குறி காட்டுது, பதில் இல்ல.

கடைசியா ஒண்ணு. திரும்பி வந்ததும் மறுபடி ஹெப் சி டெஸ்ட் எடுக்கணும்னு இங்க சென்டர்ல சொல்றாங்க. இப்பத்தானே எடுத்தோம்?

ஓய்வு_மிஸ்ஸி:

எடுக்கட்டும்மா. வேற சென்டர்ல ஊசி குத்திட்டு வர்றவரைத் திரும்ப எடுக்கும்போது பார்க்குறது நல்ல பழக்கம், அதுக்குக் கோவிச்சுக்காதீங்க. ஆனா வந்த மறுநாளே எடுத்தா பிரயோஜனம் இல்ல, அங்க ஏதாவது ஒட்டியிருந்தாலும் காட்டாது. ரெண்டு மூணு வாரம் விட்டு எடுக்கச் சொல்லுங்க. மறுபடியும் ஆன்டி எச்.சி.வி. பாரத்தை நிரப்பிடப் போறாங்க, ஆர்.என்.ஏ.-ன்னு எழுதியிருக்கான்னு நீங்களே பாருங்க.

போறதுக்கு முன்னாடி அப்பாவோட ஹெப் பி எதிர்ப்பு அளவு என்னன்னும் கேளுங்க. அதுக்குத் தடுப்பூசி இருக்கு. டையாலிசிஸ் பண்றவங்களுக்கு வழக்கமான அளவைப் போல ரெண்டு மடங்கு போடுவாங்க, அப்படிப் போட்டும் சிலருக்கு வருஷத்துல இறங்கிடும். பத்துக்குக் கீழ இருந்தா ஒரு பூஸ்டர் போட்டுட்டுக் கிளம்புங்க.